வுழூத் தண்ணீரில் கலந்த இரத்தம்: ஒரு நோயறிதலின் வரலாறு

“மூக்கால இரத்தம் வந்தா வுழூ முறியுமா மௌலவி?”

நயினாதீவுப் பள்ளிவாசல் ஹவ்ழடியில் என் மாமா கேட்ட கேள்வி இது. சுபஹுக்கு வுழூச் செய்யும்போது மூக்குக்குத் தண்ணீர் செலுத்திச் சீறினால் காய்ந்த பொருக்கும் அதோடு இரத்தமும் வருவது அவருக்குச் சில வாரங்களாக வழமையாகியிருந்தது. ஷாபிஈ மத்ஹபில் மூக்கிலிருந்து வரும் இரத்தம் வுழூவை முறிக்காது. இரத்தம் பட்ட இடத்தைக் கழுவிக்கொண்டால் போதும். ஹனபிகளிடம் சட்டம் வேறு. மௌலவி சரியாகத்தான் பதில் சொன்னார். மாமாவும் நிம்மதியாகத் தொழுதார். பக்கத்தில் நின்ற நாலைந்து பேரும் தலையாட்டினார்கள். “அது ஏன் வருகுது?” என்ற மற்றக் கேள்வியை அங்கே யாரும் கேட்கவில்லை.

எட்டு மாதங்களின் பின் மாமாவின் இரண்டு சிறுநீரகங்களும் நின்றுபோயின.

நான் 26 வருடங்கள் அரசாங்க வைத்தியசாலை ஆய்வுகூடங்களில் நுணுக்குக்காட்டிக்கு முன்னால் குந்தியிருந்தவன். என் காலத்தில் எத்தனை ஆயிரம் மூத்திரப் போத்தல்களைத் திறந்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அப்படியிருந்தும் என் சொந்த மாமாவின் நோய் எனக்குக் கடைசியில்தான் விளங்கியது. நான் அப்போது புத்தளத்தில் இருந்தேன். தொலைபேசியில் “மூக்கடைப்பு, கொஞ்சம் சளி” என்று சொன்னதை நானும் “ஆவி பிடியுங்கோ மாமா” என்று சொல்லிக் கடந்துபோனேன். ஆகவே இந்தக் கட்டுரையில் குற்றம் சொல்ல எனக்கு யாரும் இல்லை. அந்த நோய் உலகத்தில் எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது, ஒரு தீவில் அது எப்படித் தவறிப்போனது என்ற இரண்டு கதைகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன்.

நோயின் பெயர் வாயில் நுழையாது. வைத்தியர்கள் ‘வஸ்குலைட்டிஸ்’ என்பார்கள், குருதிக்கலன்களின் அழற்சி. அதில் பல வகை உண்டு. நான் எழுதுவது ‘அன்கா’ வகை எனப்படும் சிறு குருதிக்கலன் அழற்சியைப் பற்றி. கிருமியை எதிர்க்க வேண்டிய வெண்குழியங்களின் உள்ளே இருக்கும் ஒரு நொதியத்துக்கு எதிராகவே உடம்பு பிறபொருளெதிரியை உண்டாக்கிவிடுகிறது. அது பட்ட வெண்குழியம் வெறிபிடித்ததுபோல் தான் ஓடிக்கொண்டிருக்கும் சின்னக் குழாயின் சுவரையே அரித்து உடைக்கிறது. ஊர்காவற்றுறைக்கு அந்தப் பெயர் வந்த காரணத்தை நம் தீவார் பெருமையாகச் சொல்வார்கள். இந்த நோயில் ஊரைக் காக்க வைத்த காவலனே வீட்டுச் சுவரை இடிக்கிறான். உடம்பில் மயிரிலும் மெல்லிய குழாய்கள் மிக நெருக்கமாக இருப்பது இரண்டு இடங்களில்: ஒன்று சுவாசப்பை, மற்றது சிறுநீரகம். ஒரு சிறுநீரகத்தில் மட்டும் சுமார் பத்து இலட்சம் வடிகட்டும் முடிச்சுகள். அதனால்தான் இருமலில் இரத்தம், மூத்திரத்தில் இரத்தம் என்று நோய் இரண்டு வாயால் பேசுகிறது. முதலில் அது பெரும்பாலும் மூக்கையும் காதையும் பிடிக்கும். நோவு இல்லாதபடியால் சிறுநீரகம் பழுதாகிக்கொண்டிருப்பது தெரியவராது.

சுவாசப்பையையும் இதயத்தையும் இணைத்துப் பார்த்த, அதே சமயம் பிக்ஹும் தெரிந்த ஒருவர் நம் வரலாற்றில் இருந்தார். மாமாவின் கேள்வியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுக்கு வருகிறார். அலாவுத்தீன் அலீ இப்னு அபில் ஹஸ்ம் அல்குரஷீ என்ற இப்னுந் நபீஸ் (ரஹ்). டமஸ்கஸில் நூரி பீமாரிஸ்தான் மரபில் வைத்தியம் படித்து, கெய்ரோவுக்குப் போய், அங்கேயே ஹிஜ்ரி 687இல் (கி.பி. 1288) வபாத்தானார். இவர் வைத்தியர் மட்டுமல்ல, ஷாபிஈ சட்ட அறிஞருமாவார். கெய்ரோவின் மஸ்ரூரிய்யா மத்ரஸாவில் பிக்ஹு படிப்பித்தார். இமாம் தாஜுத்தீன் அஸ்ஸுப்கீ தமது ஷாபிஈ அறிஞர்களின் வரலாற்றுத் தொகுப்பில் இவருக்கும் இடம் கொடுத்திருக்கிறார். ஹம்மாமில் குளித்துக்கொண்டிருந்தவர் பாதியில் வெளியே வந்து, மையும் தாளும் கேட்டு, நாடித்துடிப்பைப் பற்றி எழுதிவிட்டுத் திரும்பவும் போய்க் குளித்தார் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வார்கள். கடைசி நோயில் கூட்டாளி வைத்தியர்கள் மருந்தாக மதுவைச் சிபாரிசு செய்தபோது, அது வயிற்றில் இருக்க அல்லாஹ்வைச் சந்திக்க மாட்டேன் என்று மறுத்துவிட்டாராம். வீட்டையும் புத்தகங்களையும் கலாவூன் சுல்தான் கட்டிய மன்ஸூரி வைத்தியசாலைக்கு வக்பு செய்தார்.

இப்னு ஸீனாவின் ‘கானூன்’ நூலில் வரும் உடற்கூற்றுப் பகுதிகளுக்கு இவர் ஒரு விளக்கவுரை எழுதினார். ஹிஜ்ரி 640 (கி.பி. 1242) அளவில் எழுதப்பட்டது. கிரேக்க வைத்தியர் கலன் சொன்னதை ஆயிரம் வருடமாக எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள்: இதயத்தின் வலது அறையில் இருந்து இரத்தம் நடுச் சுவரிலுள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகளூடாக இடது அறைக்குப் போகிறது என்பது அது. இப்னுந் நபீஸ் அதை மறுத்தார். அந்தச் சுவரில் துளையே இல்லை, இரத்தம் வலது அறையிலிருந்து சுவாசப்பைக்குப் போய், காற்றோடு கலந்து, அங்கிருந்துதான் இடது அறைக்கு வருகிறது என்று எழுதினார். சுவாசப்பைக்குள் போகும் கலனுக்கும் வெளியே வரும் கலனுக்கும் இடையில் உணரத்தக்க நுண்ணிய வழிகள் இருக்க வேண்டும் என்றும் சொன்னார். நாம் இன்று மயிர்த்துளைக் குழாய் என்கிறோமே, அது இருக்கவேண்டிய இடத்தை அவர் புத்தியால் குறித்துவைத்தார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நம் சஞ்சிகைகளில் இப்படி ஒரு பெயர் கிடைத்தால் போதும், ‘எல்லாம் நம்மவர்களே கண்டுபிடித்தார்கள்’ என்று எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. இப்னுந் நபீஸ் முழு இரத்த ஓட்டத்தையும் சொல்லவில்லை. சுவாசப்பையூடான ஓட்டத்தைச் சொன்னார். நுண்குழாயைக் கண்ணால் காணவும் இல்லை. மனித உடலை வெட்டிப் பார்ப்பதை ஷரீஅத்தும் உள்ளத்தின் இரக்கமும் தடுத்தன என்று அவரே முன்னுரையில் எழுதுகிறார். முழு ஓட்டத்தையும் நிறுவியவர் வில்லியம் ஹார்வி, 1628இல். அவரும் நுண்குழாயைக் காணாமலேயே 1657இல் இறந்தார். நாலு வருடம் கழித்து, 1661இல், இத்தாலியில் மார்செல்லோ மல்பீகி தவளையின் சுவாசப்பையை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து முதன்முதலில் அதைக் கண்டார். சிறுநீரகத்தின் வடிகட்டும் முடிச்சுகளை 1666இல் எழுதியவரும் அதே மல்பீகிதான். சுவாசப்பை, சிறுநீரகம் ஆகிய இரண்டின் நுண்கலன்களையும் ஒரே மனிதர் கண்டது தற்செயல்தான், ஆனால் என்னைப் போன்ற ஆய்வுகூடக்காரனுக்கு அது பெரிய சந்தோஷம்.

இப்னுந் நபீஸின் கருத்து நம்மிடையேயும் மறந்துபோய்விட்டது. 1924இல் முஹ்யித்தீன் அத்தத்தாவி என்ற எகிப்திய வைத்தியர் பேர்லின் நூலகத்தில் இருந்த கையெழுத்துப் பிரதியைப் படித்து, ஜெர்மனியின் பிரைபேர்க் பல்கலைக்கழகத்துக்குச் சமர்ப்பித்த ஆய்வேட்டில் அதை வெளிக்கொண்டுவந்தார். கெய்ரோவில் இருந்த மாக்ஸ் மேயர்ஹோப் பின்னர் அதை உலகத்துக்கு அறிவித்தார். 1924 வரை ஏறக்குறைய 700 வருடம் ஒரு சரியான பதில் அலுமாரியில் இருந்திருக்கிறது.

பிரைபேர்க் என்ற பெயரை இரண்டாம் தரம் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. குருதிக்கலன் அழற்சியின் நவீன வரலாறு தொடங்கியதும் அதே நகரில்தான். 1866இல் அடொல்ப் குஸ்மவுல், ருடொல்ப் மையர் என்ற இருவர் அங்கே 27 வயதுத் தையற்காரர் ஒருவரின் கதையை எழுதினார்கள். காய்ச்சல், இருமல், தசை வலி, கை கால் விளங்காமல் போதல், சிறுநீரகப் பாதிப்பு என்று வந்தவர் மாதம் கழியுமுன் இறந்தார். திறந்து பார்த்தபோது நாடிகள் நெடுக மணிபோலத் தடிப்புகள். ஒரே ஆளுக்கு இத்தனை நோய்கள் வரவில்லை, குழாய்களுக்கு வந்த ஒரே நோய்தான் இத்தனை இடத்திலும் தெரிந்தது என்பது அவர்கள் கண்ட விஷயம்.

1919இல் அமெரிக்காவில் ஏர்னஸ்ட் குட்பாஸ்ச்சர், இன்புளுவென்சாவைப் பற்றிய கட்டுரையில் 18 வயது இளைஞன் ஒருவனைக் குறிப்பிட்டார். காய்ச்சல் வந்து ஆறு வாரத்தில் சுவாசப்பையில் இரத்தம் கசிந்து, சிறுநீரகமும் பழுதாகி இறந்தவன். அப்போது உலகமே இன்புளுவென்சாவில் கிடந்ததால் அதன் விளைவென்றே எண்ணினார்கள். 1958இல் மெல்பேர்னில் ஸ்டன்டனும் டங்கேயும் இப்படியான நோயாளிகள் ஒன்பது பேரைச் சேர்த்துப் பார்த்து ‘குட்பாஸ்ச்சர் நோய்’ என்று பெயர் கொடுத்தார்கள். அந்தப் பெயர் இன்று வேறொரு பிறபொருளெதிரியால் வரும் நோய்க்கு உரியது. குட்பாஸ்ச்சர் கண்ட பையனுக்கு உண்மையில் இருந்தது அன்கா வகை நோயாகவே இருக்கலாம் என்று இப்போது பலர் கருதுகிறார்கள்.

மூக்கு, சுவாசப்பை, சிறுநீரகம் மூன்றையும் பிடிக்கும் வகையை 1931இல் ஹைன்ஸ் கிளிங்கர் என்ற ஜெர்மானியர் எழுதினார். 1936, 1939ஆம் ஆண்டுகளில் அவருடைய நண்பர் பிரெட்ரிக் வெகனர் அதை விரிவாக எழுத, ‘வெகனர் நோய்’ என்றே பெயர் ஆயிற்று. நான் படித்த காலத்திலும் அதுதான் பெயர். 2000க்குப் பின்தான் அவருடைய பழைய வரலாறு தோண்டப்பட்டது: நாஜிக் கட்சி உறுப்பினர், அதன் துணைப்படையிலும் இருந்தவர், யூதர்களை அடைத்துவைத்த லொட்ஸ் நகரில் யுத்த காலத்தில் வேலை பார்த்தவர். 2011இல் சர்வதேச வைத்திய சங்கங்கள் அந்தப் பெயரை நீக்கிவிட்டு, நோயின் தன்மையைச் சொல்லும் ஒரு நீளப் பெயரை வைத்தன. சிலர் “பழைய பெயரே லேசு, பெயரில என்ன இருக்கு?” என்றார்கள். ஊரைவிட்டு விரட்டப்பட்ட ஒரு சமூகத்தில் பிறந்த எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை.

இவ்வளவு காலமும் இது பிரேத பரிசோதனையில் தெரியவந்த நோய். 1958இல் வெளிவந்த ஒரு தொகுப்பின்படி வைத்தியம் இல்லாதவர்கள் சராசரியாக ஐந்து மாதம்தான் உயிரோடு இருந்தார்கள். 1970களில் ஸ்டீரொயிட்டோடு சைக்ளோபொஸ்பமைட் என்ற மருந்தைச் சேர்த்துக் கொடுத்தபோது நிலைமை மாறியது. 1983இல் 85 நோயாளிகளின் முடிவுகள் வெளிவந்தன. அவர்களில் 93 வீதமானோருக்கு நோய் முற்றாக அடங்கியிருந்தது. அந்தக் குழுவின் தலைவரை நம் வாசகர்கள் கொரோனா காலத்தில் தொலைக்காட்சியில் கண்டிருப்பார்கள், அந்தனி பவுச்சி. அதற்குப் பிறகு கேள்வி, ‘மருந்து இருக்கா?’ என்பதல்ல. ‘நேரத்துக்குக் கண்டுபிடிக்க முடியுமா?’ என்பதுதான்.

அதற்கான வழி 1982இல் தொடங்கியது. ஆஸ்திரேலியாவில் டேவிஸும் கூட்டாளிகளும் சிறுநீரக அழற்சி கண்ட எட்டுப் பேரின் இரத்தத்தில், வெண்குழியத்தோடு ஒட்டும் ஒரு பிறபொருளெதிரி இருப்பதைக் கவனித்தார்கள். நுளம்பால் பரவும் ஏதோ வைரஸ்தான் காரணம் என்று சந்தேகப்பட்டார்கள். சந்தேகம் பிழை, கண்டது சரி. 1985இல் ஒல்லாந்தின் வான் டெர் வுடேயும் டென்மார்க் ஆய்வாளர்களும் இந்தப் பிறபொருளெதிரி வெகனர் நோயின் அடையாளம் என்று ‘லான்செட்’ சஞ்சிகையில் நிறுவினார்கள். 1988இல் அமெரிக்காவில் போக்கும் ஜெனட்டும் இரண்டாவது வகையையும் பிரித்துக் காட்டினார்கள். இறந்த உடலில் தேட வேண்டியிருந்ததை ஒரு சின்னக் குழாய் இரத்தத்தில் காண முடிந்தது. அது வெளிவந்த அதே 1985இல்தான் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையே ஓடிய குமுதினிப் படகில் எங்கள் கடலில் அந்தப் படுகொலை நடந்தது. உலகத்தில் ஒரு பரிசோதனை பிறக்கும்போது, அதை நாடிப் போகவேண்டிய தீவாருக்குக் கடல் கடப்பதே உயிர்ப் பயமாக இருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இனி நம்மூர்ப் பக்கம். மூத்திரத்தைப் பார்த்து நோய் சொல்லுவது இங்கே புதிதில்லை. யூனானி ஹகீம்கள் காரூரா பார்த்தார்கள். நிறம், நுரை, அடியில் படிவது எல்லாவற்றையும் இப்னு ஸீனா விரிவாக எழுதியிருக்கிறார். சித்த வைத்தியத்தில் தேரையரின் நீர்க்குறி, நெய்க்குறி. மூத்திரத்தில் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு, அது பாம்பாய் நீளுதா, மோதிரமாய் விரியுதா, முத்தாய் நிற்குதா என்று பார்த்து வாதம், பித்தம், கபம் சொல்லுவார்கள். இதை நான் கேலி செய்ய மாட்டேன். எண்ணெய்த் துளி சொன்னது சரியோ பிழையோ, அந்தப் பரியாரியார் முதல் நாளே மூத்திரத்தைக் கேட்டார். 1827இல் லண்டனில் ரிச்சர்ட் பிரைட் மூத்திரத்தைக் கரண்டியில் சூடாக்கி, அது முட்டை வெள்ளைபோல் உறைவதைப் பார்த்துச் சிறுநீரக நோயைப் பிடித்தார். யாழ்ப்பாணத்துக்கு அந்த வைத்தியம் அமெரிக்க மிஷனோடு வந்தது. மானிப்பாயில் இருந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், 1847இல் வந்தவர், தமிழிலேயே வைத்தியம் படிப்பித்து, வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். யாழ் நகரில் 1850இல் ஏழைகளுக்கு உதவும் சங்கமொன்று தொடங்கிய வைத்தியசாலைதான் வளர்ந்து இன்றைய போதனா வைத்தியசாலை.

இத்தனை மரபு இருந்தும் மாமாவின் நோய் எப்படித் தப்பியது? ஒருவரும் மடத்தனம் செய்யவில்லை. வந்த பதில்கள் எல்லாம் நியாயமானவை.

முதல் பதில் பள்ளிவாசலில் கிடைத்தது. இரண்டாவது, மூன்று மாதம் கழித்து. அதற்கிடையில் ஒரு காது அடைத்தது, மூட்டுகள் நொந்தன, உடம்பு மெலிந்தது, இருமலில் இரத்தக் கோடு விழுந்தது. எக்ஸ்ரேயில் மேல் பக்கத்தில் நிழல்கள், ஒன்றின் நடுவே பொந்து. நம் நாட்டில் பொந்து கண்டால் காசநோய் என்றுதான் நினைக்க வேண்டும். சளியில் கிருமி தெரியவில்லை. மூன்று தரமும் இல்லை என்றே வந்தது. கிருமி தெரியாத காசநோயும் உண்டுதானே என்று மருந்து தொடங்கினார்கள். அதில் ரிபம்பிசின் என்ற குளிகை மூத்திரத்தைச் செம்மஞ்சளாக்கும். அது எல்லா நோயாளிக்கும் சொல்லப்படும் விஷயம்: “மருந்தால சலம் சிவக்கும், பயப்படாதேங்கோ.” மாமா பயப்படவில்லை. பால் விடாத தேத்தண்ணி மாதிரிப் போனபோதும் பயப்படவில்லை. சரியான ஒரு விளக்கம் இரத்தத்தை மறைத்துவிட்டது.

மூன்றாவது பதில் மாரியில் வந்தது. மழை, வயல் வெள்ளம், காய்ச்சல், மூச்சு முட்டு, மூத்திரம் குறைவு, கால் வீக்கம். மழை காலத்தில் சுவாசப்பையும் சிறுநீரகமும் சேர்ந்து விழுந்தால் இலங்கையில் எந்த வைத்தியரும் முதலில் சொல்வது எலிக்காய்ச்சல். 2008இல் நாடு முழுவதும் 7,000க்கும் மேற்பட்டோருக்கு அது வந்ததாகப் பதிவானது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் இனந்தெரியாத காய்ச்சல் என்று சில நாட்களுக்குள் பலர் இறந்து, மாதிரிகள் வெளியூருக்கு அனுப்பப்பட்டு, எலிக்காய்ச்சல் என்று உறுதியானது வாசகர்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பல வருடங்களுக்கு முன்பு மாமாவுக்கும் அந்தச் சந்தேகத்தில்தான் ஊசி போட்டார்கள். குறைசொல்ல முடியாது. எலிக்காய்ச்சலுக்கு மருந்து பிந்தினால் ஆள் தப்பாது. மறுபக்கம், காசநோயோ வேறு கிருமியோ உள்ளே இருக்கும்போது ஸ்டீரொயிட் கொடுத்தால் அதுவே ஆளைக் கொன்றுவிடும். அன்கா பரிசோதனையும் சிலவேளை காசநோயாளிக்கு வீணாக ‘உண்டு’ என்று காட்டும். நோய் உள்ள பத்துப் பேரில் ஒருவருக்கு ‘இல்லை’ என்றும் காட்டும். அதனால் பரிசோதனை மட்டும் போதாது, சிறுநீரகத்தில் சின்னத் துண்டெடுத்துப் பார்க்கும் பயொப்ஸியும் வேண்டியிருக்கிறது.

ஒன்றுபோல் தெரியும் இரண்டு நோய்களைப் பிரிப்பது பழைய கலை. அம்மையையும் சின்னமுத்தையும் பிரித்துத் தனி நூலே எழுதினார் அர்ராஸீ. எலிக்காய்ச்சலையும் இந்த நோயையும் பிரிக்க முதல் கருவி ஒரு கேள்வி: எத்தனை நாள்? எலிக்காய்ச்சல் நாட்கணக்கு. இது மாதக்கணக்கு.

அந்தக் கேள்வியைக் கேட்டவர் இரவுக் கடமையில் இருந்த ஓர் இளம் வைத்தியர். “எப்ப தொடங்கினது ஐயா?” என்றதுக்கு மாமா, “காய்ச்சல் நாலு நாள்” என்றார். மாமிதான் இடையில் விழுந்தா: “இல்ல டொக்டர், அதுக்கு முந்தி மூக்கால இரத்தம். நோன்புக்கு முந்தியே. வுழூச் செய்யேக்க எல்லாம் வரும்.” அந்த வைத்தியர் கட்டிலில் குந்திவிட்டாராம். மூக்குக்கு லைட் அடித்துப் பார்த்தார். காலில் இருந்த சிவப்புப் புள்ளிகளைத் தடவிப் பார்த்தார். மூத்திரத்தைத் தானே எடுத்துக்கொண்டு ஆய்வுகூடத்துக்குப் போனார். வைத்தியர்கள் நோயாளி சொல்லும் கதையை ‘ஹிஸ்டரி’ என்றுதான் சொல்வார்கள். இதுவும் ஒரு வரலாற்றுச் சஞ்சிகை என்பதால் அந்தச் சொல்லை இங்கே குறித்துவைக்கிறேன். எட்டு மாத ஹிஸ்டரியை மாமி இரண்டு வசனத்தில் சொன்னா.

மூத்திரத்தில் செங்குழியங்கள் நிறைந்து, குழாய் வடிவில் வார்த்தெடுத்ததுபோல் ஒட்டியிருந்தன. அப்படி ஒரு வார்ப்பைக் கண்டால் இரத்தம் கசிவது சிறுநீரகத்தின் முடிச்சிலிருந்தே என்று அர்த்தம். கல்லோ பையோ காரணமில்லை. கிரியேட்டினின் 9ஐத் தாண்டியிருந்தது. கொழும்புக்கு இரத்தம் போனது. முடிவு வருவதற்கு முன்பே ஸ்டீரொயிட் தொடங்கினார்கள். பிறகு அன்கா ‘உண்டு’ என்று வந்தது, பயொப்ஸியும் அதையே சொன்னது. சுவாசப்பை இரண்டு வாரத்தில் தெளிந்துவிட்டது. சிறுநீரகம் திரும்பவில்லை.

திரும்பாததன் விலை என்னவென்று வெளியூராருக்கு விளங்காது. கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். நயினாதீவிலிருந்து லோஞ்சில் குறிகட்டுவான், அங்கிருந்து பஸ்ஸில் புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணம். கடல் கொந்தளித்தால் லோஞ்ச் இல்லை. மூச்சு முட்டுகிற ஆளுக்கு அது சரிவராது. ஆகவே மாமா தீவை விட்டு வெளியேறினார்.

அவர் வெளியேறியது அது முதல் தரமல்ல. யாழ் நகரில் கடை வைத்திருந்தவர், 1990 ஒக்டோபர் 30இல் எல்லோரோடும் சேர்த்து விரட்டப்பட்டவர். வடக்கிலிருந்து அந்த நாட்களில் வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களில் ஒருவர். அன்றைக்குக் கையில் இருந்தது உடுத்த உடுப்பு. பிறந்த சான்றிதழ், காணி உறுதி, உம்மாவின் படம், எதுவும் வரவில்லை. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் தொடங்கி இருபது வருடம். யுத்தம் முடிந்தபின், நகரத்துக் கடையை விட்டுவிட்டு, மூதாதையர் ஊரான நயினாதீவுக்கே போய்க் கூரையைத் திருத்திக் குடியிருந்தார். “இனி என்ன மண்ணுக்குள்ள வைக்கத்தான் இங்கயிருந்து எடுக்கோணும்” என்று சொல்லுவார். மூன்று வருடம் இருந்தார். பிறகு சோனகத்தெருவில் ஒரு வாடகை அறை, ஒரு கட்டில், சுத்திகரிப்பு நாட்கள் குறித்த கலண்டர். கையில் ஊசி போடும் இடம் கயிறு முறுக்கியதுபோல் தடித்திருந்தது. வுழூச் செய்யும்போது அந்தக் கையை மெல்லத்தான் தேய்ப்பார். அளவாகத்தான் தண்ணி குடிக்கலாம் என்பதால் வாய் கொப்பளிக்கிற தண்ணியில் ஒரு மிடறு விழுங்கிவிடுவாரோ என்று மாமி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பா.

நாலாவது வருடம் மவுத்தானார். ஜனாஸாவை லோஞ்சில் கொண்டுபோனோம்.

1990இல் ஒரு கடதாசியும் இல்லாமல் வந்த மனிதர், பிறகு எந்தக் கடதாசியையும் எறிந்ததில்லை. சுத்திகரிப்பு அட்டை, மருந்துத் துண்டு, பஸ் டிக்கட் கூட ஒரு பிளாஸ்டிக் பைலில் திகதி வாரியாக இருந்தன. ஏழாம் நாள் கழித்து மாமி அதை என்னிடம் தந்தா. அடியில் இருந்ததுதான் மிகப் பழையது. தீவில் ஒருநாள் நடந்த நடமாடும் வைத்திய முகாமில், பிரஷர் பார்க்கப் போன இடத்தில், எல்லோரிடமும் போல் அவரிடமும் எடுத்த மூத்திரத்தின் ரிப்போட். இருமல் தொடங்குவதற்கு முந்திய மாதத்துத் திகதி. புரதம் ஒரு சிலுவை. செங்குழியம், பார்வைப் புலம் ஒன்றுக்கு 20 முதல் 25. கீழே ஓர் ஆய்வுகூடக்காரரின் குறுங்கையொப்பம். என்னுடையதல்ல, ஆனால் அந்தப் படிவத்தை என் விரல்களுக்குத் தெரியும். அப்படி எத்தனையை நிரப்பி, கையொப்பமிட்டு, சன்னலால் நீட்டியிருக்கிறேன். மடிப்புக்கூட விழாமல் இருந்தது. ஒருவரும் அதை விரித்துப் பார்த்திருக்கவில்லை.